தேய்ந்த காசும் தெளிந்த வாசிப்பும்

தமிழகத்தில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் என்றவுடன் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளுமே நினைவுக்கு வரும். அவற்றின் ஒளியில் மறைந்துபோனவை, மதுரையிலும் கரூரிலும் ஆற்று மணலிலிருந்து கிடைத்த சின்னஞ்சிறு செப்பு, வெண்கலக் காசுகள். கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவற்றுட் பல, கைமாறித் தேய்ந்து எழுத்திழந்தவை. இவற்றை இனங்காண்பது செல்லரித்த ஏட்டைப் படிப்பதற்கு ஒப்பான பணியாகும்.

முதலில் ஏமாற்றுவது முகம். அக்காலத்துக் காசுகளில் உள்ள உருவம் பெரும்பாலும் அரசனின் தனிச்சாயலன்று. அரச பதவியின் சாயலே. எனவே மூக்கையும் மோவாயையும் கொண்டு ஆளை அறிய இயலாது. அடுத்து ஏமாற்றுவது பெயர். கான்ஸ்டான்டைன், அவர் மக்களாகிய இரண்டாம் கான்ஸ்டான்டைன், இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டான்ஸ் ஆகிய நால்வர் பெயர்களும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன. முன்பாதி மட்டும் எஞ்சிய காசைத் தந்தைக்கே உரியதென்று துணிவது பிழையில் முடியலாம்.

ஆகவே காசைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் நின்றால் அது கி.பி. 330ஐ ஒட்டித் தோன்றிய வகை. 335 அளவில் காசின் எடை குறைந்தபோது கொடியும் ஒன்றாகக் குறைந்தது. குதிரையிலிருந்து சரியும் பகைவனை வீரன் ஒருவன் ஈட்டியால் குத்தும் காட்சி, 348இல் தொடங்கிய காசு வரிசைக்கு உரியது. வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்லும் சிறு காசு 388க்குப் பிற்பட்டது. உருவத்தின் அடியில் உள்ள சில எழுத்துகள், அக்காசு அந்தியோக்கியாவில் அடிக்கப்பட்டதா, அலெக்சாந்திரியாவில் அடிக்கப்பட்டதா என்பதை உணர்த்தும். பெயர் முற்றும் அழிந்த பின்னும் காட்சி, அளவு, அடியெழுத்து ஆகிய மூன்றும் சான்று கூறும்.

இலங்கையில் கிடைத்த காசுகளுள் இவற்றைப் பார்த்து உள்நாட்டில் செய்த படிகளும் உள. அவற்றில் உருவம் ஓரளவு நிற்க, எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகிவிடுகின்றன. தேய்மானத்தால் அழிந்த எழுத்து வேறு. தொடக்கத்திலேயே எழுத்தாக இல்லாத கோடு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர், உள்நாட்டுக் காசையும் கடல்கடந்து வந்ததாக எண்ணிவிடுவர்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? பொன்னையும் வெள்ளியையும் மட்டும் கணக்கிட்டால், மேலைக் கடல் வாணிகம் முதலிரு நூற்றாண்டுகளோடு பெரிதும் தளர்ந்தது என்ற முடிவே எஞ்சும். கரூர், மதுரைச் செப்புக் காசுகளைக் குறித்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் வெளியிட்ட ஆங்கில நூல் போன்ற முயற்சிகள், ரோமானியக் காசுகள் அதன் பின்னரும் இம்மண்ணை அடைந்தன என்பதைக் காட்டின. அவை கொண்ட பொருளுக்கு விலையாக வந்தனவா, சிறு செலவுக்குப் பயன்பட்டனவா என்பது வேறு வினா. அவ்வினாவை எழுப்புவதற்கே காலம் முதலில் உறுதிப்படல் வேண்டும்.

அரசன் பெயர் தெரியாத காசை, 'இன்ன ஆண்டுகளுக்கு இடைப்பட்டது' என்று மட்டும் எழுதி வைப்பது குறைபாடன்று. எஞ்சியது சொல்வதற்கு மேல் ஓர் எழுத்தும் கூட்டாதிருப்பதே, தேய்ந்த காசைப் படிப்போர்க்கு உரிய நேர்மை.