துண்டு: இலங்கைத் தோட்டங்களின் கடன் சீட்டு

மொரீசியஸுக்கும் ஃபிஜிக்கும் போன தமிழர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினர். இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் போனவர்களோ மாத அறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளக்கூடிய கூலிகளாகவே சட்டத்தின் கண்ணில் இருந்தனர். இதைக் காட்டித் தங்களிடம் இருப்பது தடையற்ற உழைப்பு என்று தோட்டங்களை நடத்திய துரைமார் வாதிட்டதுண்டு. அந்த மாத அறிவிப்பைச் செல்லாக்காசாக்கிய பொறி கடன்.

காப்பி பருவப் பயிராக இருந்தவரை, அறுவடைக்கு நடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தபின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் குடும்பங்களையே மலையில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

ஆள்திரட்டும் பொறுப்பு கங்காணியிடம் இருந்தது. 'கண்காணி' என்னும் பழஞ்சொல்லின் திரிபான இப்பெயருக்கு உரியவர் மேற்பார்வையாளர் மட்டுமல்லர். தோட்டத்திலிருந்து முன்பணம் வாங்கித் தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் சேர்த்து, அவர்களுடைய பழைய கடனையும் வழிச்செலவையும் தீர்த்து அழைத்துவந்தவரும் அவரே. அச்செலவெல்லாம் வந்தவர்களின் பெயரில் கடனாக ஏறியது. எழுத்தறியாத அவர்களுக்குக் கங்காணியின் வாய்ச்சொல்லே கணக்காக இருந்தது. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் அவருக்குத் 'தலைக்காசு' என்னும் சிறு தரகு கிடைத்ததால், ஆள் குறைவது அவருக்கு நேரடி இழப்பு.

கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் அவரையும் அவருடைய ஆட்களையும் விடுவிப்பதாகத் துரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அதுவே 'துண்டு'. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி, கூடுதல் முன்பணமும் கொடுத்துக் கூட்டத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். ஆள் பற்றாக்குறையால் தோட்டங்கள் போட்டியிட்டு முன்பணத்தை உயர்த்த, ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பெருத்தது. கூடுதல் பணத்தின் பெரும்பகுதி கங்காணியிடம் தங்க, சுமை மட்டும் தொழிலாளர் குடியிருந்த லயத்து அறைகளுக்கு இறங்கியது. மனிதரை விற்பதாக எவரும் சொல்லவில்லை; கைமாறியது கடன்தானாம்.

கடனோடு சட்டமும் கைகோத்தது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டம், அறிவிப்பின்றி வேலையை விட்டவரைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. தப்பி ஓடியவர் கடனாளியாக மட்டுமன்றிக் குற்றவாளியாகவும் ஆனார். இத்தண்டனைக்கு எதிராக இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் அருணாசலமும் அவர் 1919-இல் நிறுவிய தொழிலாளர் நலச் சங்கமும் குரல் எழுப்பினர். கடல்கடந்த கூலி வேலை குறித்து இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் கொழும்பை நெருக்கியது. 1921-இல் துண்டு முறை தடைசெய்யப்பட்டு, சிறைத் தண்டனையும் நீக்கப்பட்டது. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆயினும் மற்றக் கங்காணிகளுக்கு மேலிருந்த பெரிய கங்காணியின் செல்வாக்கு உடனே சரிந்துவிடவில்லை; பல தோட்டங்களில் அரிசியையும் துணியையும் கடனுக்குத் தரும் கடையும் அவருடையதாகவே இருந்தது.