தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம்

தஞ்சாவூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் சாலையில் மேற்கு நோக்கிச் சில கல் தொலைவு போனால், நிலத்தின் நிறம் மாறுவதைக் காணலாம். கிழக்கே கடல் வரையிலும் பரந்து கிடக்கும் வண்டல் வயல்கள் பின்தங்கிவிடுகின்றன. செம்மண் மேடு தொடங்குகிறது. வல்லத்து மேடு என்பது இதுதான். காவிரியின் பழைய கால்வாய்கள் ஏறாத நிலமாதலின் நெடுங்காலம் புன்செய்ப் பயிருக்கே உரியதாக இருந்தது. இங்குக் கிடைக்கும் படிகக் கற்களைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்வதில் தஞ்சைக் கைவினைஞர் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தனர். ஏடு படிப்போர் கண்ணுக்கு உதவிய அந்த மேட்டின் அருகேதான், 1981ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம், ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பில் அமைந்திருக்கிறது. நன்செய்யைத் தொடாமல் மேட்டு நிலத்தைத் தேர்ந்தது நல்ல செயல் என்று எங்கள் பக்கத்து உழவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மாணவர்களே, பல்கலைக்கழகம் என்ற சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். என் தந்தையார் தலைமுறையினர் அதனைச் சர்வகலாசாலை என்று எழுதினர். பெயர் எதுவாயினும், அது செய்யும் வேலை எல்லா இடத்திலும் ஒன்றன்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, இலண்டன் பல்கலைக்கழகமே அதற்கு மாதிரியாக இருந்தது. பாடம் நடத்தும் வேலை கல்லூரிகளுடையது. தேர்வு வைப்பதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தினுடையது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் படித்தவர்களும் சென்னையின் தேர்வையே எழுதினர். செருமானிய நாட்டில் 1810இல் திறக்கப்பெற்ற பெர்லின் பல்கலைக்கழகமோ வேறொரு வழியைக் காட்டியது. வில்லெம் வான் உம்போல்ட் என்னும் அறிஞரின் எண்ணத்தில் உருவான அந்நிறுவனத்தில், ஆசிரியர் என்பவர் தெரிந்ததைச் சொல்பவராக மட்டும் இருந்தால் போதாது. தெரியாததைத் தேடுபவராகவும் இருத்தல் வேண்டும். பிற்காலத்தில் உலகெங்கும் எழுந்த ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் பலவும் இந்த வழியில் வந்தவையே. நம் நாட்டிலோ இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரே பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சித் துறைகள் மெல்ல மெல்லத் தோன்றின.

இப்படிச் சொல்வதால், காவிரி நாட்டுக்கு ஆராய்ச்சி என்பது புதுச்சரக்கு என்று எண்ணிவிடலாகாது. நெல்லும் கல்வியும் இங்கு நெடுங்கால உறவினர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு ஒரு வேதக் கல்லூரியைக் குறிப்பிடுகிறது. 340 மாணவர், 14 ஆசிரியர், அவர்களைப் பேணுவதற்கு 45 வேலி நிலம். எண்ணாயிரம் என்ற ஊர் விழுப்புரம் பக்கத்தது. ஆயினும் கொடுத்த அரசின் மனப்பான்மை காவிரிக் கரையில் வளர்ந்தது. மாணவனுக்கு நாள்தோறும் நெல் அளந்து தந்தனர். இக்காலத்து உதவித்தொகைக்கு அது மூதாதை எனலாம்.

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் இருந்தவர். ஆட்சிப் பொறுப்பை 1799இல் ஆங்கிலக் கம்பெனியாரிடம் விட்டுவிட்ட பின், அவர் கையில் எஞ்சியது அரண்மனையும் நேரமுமே. அவ்விரண்டையும் அவர் நூல்களுக்குச் செலவிட்டார். காசி யாத்திரை சென்றபோதும் ஏடுகளைத் தேடிக் கொணர்ந்தார். நாயக்கர் காலத்திலிருந்து வளர்ந்துவந்த சரசுவதி மகால் நூலகம் அவரால் பெருகியது. பர்னல் என்னும் ஆங்கில அறிஞர் அதன் வடமொழிச் சுவடிகளுக்கு எழுதிய அட்டவணை 1880இல் வெளிவந்தது. 1918இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

பர்னலின் அட்டவணை வெளிவந்த அதே 1880ஆம் ஆண்டில், உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். வகுப்பு நடத்திய நேரம் போக, ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தார். சீவக சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அச்சேறின. மூன்றும் அவர் கும்பகோணத்தில் வேலை பார்த்த காலத்துப் பதிப்புகள். தஞ்சை நகரிலோ ஆபிரகாம் பண்டிதர், சித்த மருந்து விற்று ஈட்டிய பொருளைக் கொண்டு இசை ஆராய்ச்சி மாநாடுகளைக் கூட்டி, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று குரல் கொடுத்துவந்தது. இவர்களுக்கெல்லாம் ஊக்கம் இருந்தது. உடன் உழைக்கும் குழு இல்லை, நிலையான பொருள் இல்லை, தமக்குப் பின் வேலையைத் தொடர்வார் யார் என்ற உறுதியும் இல்லை. தனியொருவர் கண் மங்கினால் ஒரு நூல் அச்சேறாமல் நின்றுவிடும் நிலை. இது எத்துணை அச்சம் தருவது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும், தமிழ் மாவட்டங்களுக்கும் ஒன்று வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தாம் நடத்திவந்த கல்லூரிகளையும் 20 இலட்சம் உரூபாயையும் அளிக்க, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. விபுலானந்த அடிகளும் சோமசுந்தர பாரதியாரும் அங்குத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தனர். தமிழுக்கு அது செய்த தொண்டு பெரிது. ஆனால், அறிவியல், கலை, பொறியியல் முதலிய எல்லாவற்றையும் கற்பிக்கும் பொதுப் பல்கலைக்கழகமாகவே அது வளர்ந்தது. (2013இல் அரசே அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.) தமிழை நடுவே வைத்து மற்றத் துறைகளைச் சுற்றிலும் அமைக்கும் நிறுவனம் ஒன்று வருவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளில், தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சையில் தொடங்கப்பெற்றது. அதற்குரிய சட்டம் 1982இல் இயற்றப்பட்டது. வல்லம் சாலையில் கட்டடங்கள் எழும் வரை, தஞ்சை அரண்மனையில் பணி நடந்தது. சரபோசியின் ஏடுகள் இருந்த வளாகத்திலேயே புதிய ஆய்வாளர்களும் மேசை போட்டு அமர்ந்தனர்.

முதல் துணைவேந்தராக வந்தவர் வ. அய். சுப்பிரமணியம். நாஞ்சில் நாட்டில் பிறந்து, அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் புறநானூற்றின் மொழியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, திருவனந்தபுரத்தில் மொழியியல் துறையை வளர்த்தவர். ஒரு மொழிக்கென்று பல்கலைக்கழகமா என்று அந்நாளில் ஐயுற்றவர் உண்டு. கலை, சுவடி, வளர்தமிழ், மொழி, அறிவியல் என்று ஐந்து புலங்களாக விரிந்த அமைப்பே அந்த ஐயத்துக்கு விடையாயிற்று. சிற்பம், இசை, நாடகம் ஒருபுறம். கல்வெட்டு, ஓலைச்சுவடி, கடல்சார் வரலாறு மற்றொருபுறம். சித்த மருத்துவம், நில அறிவியல், கட்டடக்கலை வேறொருபுறம். தமிழர் எதையெல்லாம் செய்தார்களோ அதையெல்லாம் ஆராய்வது தமிழாராய்ச்சியே என்ற துணிபு இதில் அடங்கியிருந்தது. இணைப்புக் கல்லூரிகளின் தேர்வுச் சுமையை இது ஏற்கவில்லை. அந்த வேலை 1982இல் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. முதலிலே சொன்ன பெர்லின் வழியை நம் மாநிலத்தில் இவ்வளவு துணிவாகப் பின்பற்றிய அரசு நிறுவனம் வேறில்லை என்பது என் கருத்து.

ஓலைச்சுவடித் துறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும், ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பழங்காலத்தில் ஏடு பழுதாகுமுன் புதிய ஓலையில் படி எடுத்தனர். அந்த வழக்கம் நின்றபின், எஞ்சிய ஏடு எதுவோ அதுவே கடைசிப் படி. புல்லெண்ணெய் தடவி ஓலையைப் பதப்படுத்துவர். விளக்குக்கரியைத் தேய்த்தால் மங்கிய கீறல் கறுத்துத் தெரியும். அதற்குப் பின்னும் படிப்பது எளிதன்று. ஏட்டில் புள்ளி இராது. குறில் நெடில் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒரே வடிவம். கொடி என்பதும் கோடி என்பதும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கும். மருத்துவ ஏட்டில் இதனைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! இந்தப் படிப்பைக் கற்றுத் தேர்ந்தவர் ஒரு தலைமுறை இல்லாமற்போனால், ஏடு இருந்தும் நூல் இல்லை.

கல்வெட்டுத் துறையின் வேலை வெயிலில் நடப்பது. கல்லைக் கழுவி, நனைத்த தடித்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்தால், எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் படியும். அதற்கு மைப்படி என்று பெயர். எ. சுப்பராயலு போன்ற அறிஞர் இத்துறையை வழிநடத்தினர். பல்கலைக்கழகம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே, 1985 முதல், நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் அகழாய்வு நடந்தது. இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த இடங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இது என்பர். மண்பானையில் தன் பெயரைக் கீறிவைத்தவன் அரசனும் அல்லன், புலவனும் அல்லன். எழுத்தறிவு எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்ற கேள்விக்கு அந்த ஓடுகள் சான்று.

இனிக் களஞ்சியங்கள். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதற்கடுத்த பெருமுயற்சியாகத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியத்தை 15 தொகுதிகளிலும், அறிவியல் களஞ்சியத்தை 19 தொகுதிகளிலும் கொண்டுவந்தது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இத்தொகுதிகள் சில வாங்கப்பட்டு, அழுக்காகிவிடும் என்று பூட்டிய பீரோவில் வைக்கப்பட்டிருந்தன. அழுக்காகாமல் இருந்தன, வேறு பயனில்லை.

இதைவிட வருந்தத்தக்கது பாடநூல்களின் கதை. மருத்துவத்தையும் பொறியியலையும் தமிழில் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கையில், அத்துறை நூல்களைத் தமிழில் ஆக்கும் பணியும் இங்கு நடைபெற்றது. நூல் எழுதுவோர் ஆயத்தம்; அவற்றைப் படிக்கும் வகுப்புதான் எங்கும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது 2010இல்தான். கலைச்சொல் என்பது அகராதியில் பிறப்பதோடு அமையாது; வகுப்பறையில் மாணவன் வாயில் தேய்ந்தால்தான் வழங்கும். ஆராய்ச்சிக்கூடம் முன்னே ஓடி, பள்ளியும் கல்லூரியும் பின்னே நின்றுவிட்டால் நேர்வது இதுவே.

ஆடுதுறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு 1922இல் அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில், சப்பானிய வகையையும் நம் நாட்டு வகையையும் ஒட்டி உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல், 1960களின் நடுவில் குறுவைக்கு வந்தது. ஆராய்ச்சி நிலையத்தின் வேலிக்கு வெளியே வயலும், வயலில் விதையை எதிர்பார்த்து உழவரும் இருந்தனர். சில ஆண்டுகளில் அது டெல்டா முழுதும் பரவியது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வேலிக்கு வெளியே அத்தகைய வயல் ஆயத்தமாக இல்லை. குறை நிறுவனத்துடையது மட்டுமன்று. கல்வி மொழியைப் பற்றி நாம் உறுதியாக முடிவு செய்யாததும் காரணம்.

தொடக்கத்தில் ஆய்வே முதன்மையாக இருந்த இங்கு, பிற்காலத்தில் முதுகலை வகுப்புகளும் தொலைநிலைக் கல்வியும் சேர்ந்தன. ஆய்வின் தூய்மை கெட்டுவிட்டது என்று குறைகூறுவாரோடு நான் உடன்படவில்லை. நாற்றங்கால் இல்லாமல் நடவு ஏது? ஏடு படிக்கவும் மைப்படி எடுக்கவும் இளம் வயதிலே பயின்றவர் வந்தால்தான் துறைகள் நடக்கும். ஆயினும், நிதி நெருங்கும்போதெல்லாம் முதலில் நிறுத்தப்படுவது பல ஆண்டு உழைப்பை வேண்டும் அகராதியும் களஞ்சியமுமே என்பதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் காண்கிறோம். வகுப்புக்கு மாணவர் கட்டணம் உண்டு. ஓலைக்குக் கட்டணம் செலுத்துவார் யார்? எண்ணாயிரத்தார் அதனால்தான் நிலத்தையே எழுதிவைத்தனர் போலும்.

1995 சனவரியில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சையிலே நடந்தது. பல நாட்டு அறிஞர் வந்து சென்றனர். விடுமுறையில் தஞ்சை செல்லும் மாணவர், பெரிய கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளை முதலில் பாருங்கள். அடுத்து அரண்மனைக்குச் சென்று சரசுவதி மகாலின் காட்சிக்கூடத்தைக் காணுங்கள். பிறகு வல்லம் செல்லும் நகரப் பேருந்தில் ஏறிப் பல்கலைக்கழக வாயிலில் இறங்கலாம். கட்டடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவானவை. வெயில் ஏறுமுன் போய்ச் சேர்வது நல்லது.