ஒளி திறந்த கதவு

வெண்படைக்குக் கார்போகரிசியை மருந்தாகத் தந்து, நோயாளியை இளவெயிலில் நிற்கச் செய்யும் வைத்தியம் நம் நாட்டிற்குப் புதியதன்று. மருந்து தனித்துச் செய்ய இயலாததை ஒளியின் துணையால் செய்யும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இத்தகைய கூட்டுறவைச் சோதனையால் விளக்கிய பெருமை ஜெர்மனியின் மூனிக் நகருக்கு உரியது.

அங்கே பேராசிரியர் டாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர், அக்ரிடின் என்ற சாயம் பரமீசியம் என்னும் நுண்ணுயிரைக் கொல்லும் விதத்தை ஆராய்ந்தார். ஒரே அளவுச் சாயம் ஒருமுறை விரைவாகக் கொன்றது, மறுமுறை கொல்லவில்லை. அறையின் வெளிச்சத்திலிருந்த வேறுபாடே காரணம் எனக் கண்டு, 1900இல் அதை வெளியிட்டார். 1903இல் டாப்பைனரும் யெசியோனெக்கும் தோற்புற்றின்மீது இயோசின் சாயத்தைப் பூசி ஒளி பாய்ச்சினர்.

ஆயினும், ஒளி இருபுறமும் கூரான வாள். மேயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1912இல் 200 மில்லிகிராம் ஹெமட்டோபார்ஃபிரினைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கைகளும் வீங்கி, பல வாரங்கள் அல்லலுற்றார். ஒளியை எங்கே பாய்ச்சுவது என்பதோடு, எங்கே தடுப்பது என்பதையும் மருத்துவர் அறிதல் வேண்டும் என்று அவர் பட்ட துன்பம் உணர்த்திற்று.

1978இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் டௌஹர்ட்டி குழுவினர் இம்முறையால் 25 நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த விவரத்தை வெளியிட்டனர். 113 கட்டிகளில் 111 முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன. 1993இல் கனடா அரசு இத்தகைய மருந்தொன்றைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அனுமதித்தது.

அதுவரை ஒளிக்கு இட்ட பணி கொல்வதே. 1999இல் நார்வேயின் ஆஸ்லோவில் கிரிஸ்டியன் பெர்க் குழுவினர் அதற்குக் கதவு திறக்கும் பணியையும் தந்தனர். உயிரணுவுள் நுழையும் மரபணு பெரும்பாலும் ஒரு நுண்பையில் அகப்பட்டு அழிந்துவிடும். அவர்கள் ஒளியால் அப்பையின் சவ்வை உடைத்து, உள்ளிருந்ததை விடுவித்தனர். மரபணுவையும் ஒளியுணரும் பொருளையும் சேர்த்துச் சுமக்கும் நானோ துகள்களை ஆய்வாளர் இன்று ஆக்கிவருகின்றனர். ஒளி பட்ட இடத்தில் மட்டும் சுமை இறங்கும். பிற உறுப்புகள் பிழைக்கும்.

ஆயின் கண்ணுக்குப் புலனாகும் ஒளி உடலுள் சில மில்லிமீட்டருக்குமேல் வலிமையோடு செல்வதில்லை. ஆழத்திலுள்ள கட்டியை எட்டுவதே இன்றைய சவால். எனவே, செய்தித்தாளின் தலைப்பை நம்பி, கைவசமுள்ள சிகிச்சையை நாம் கைவிடலாகாது. ராபின் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து மருத்துவமனைக் கட்டில்வரை வர அம்மருந்திற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் ஆயின. நம்பிக்கைக்கும் பொறுமைக்கும் அவ்வரலாறே சான்று.