யார் வீட்டுப் பிள்ளை?

போர்ட் பிளேருக்கு (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், என் வாய்க்கு இன்னும் பழகவில்லை) மாற்றலாகி வந்தபோது பையனுக்கு ஏழு வயது. படிப்பு கெடக்கூடாது என்று மதுரையில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம். இங்கே நம்மவர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான். நான் படித்தது பி.காம்., சரித்திரம் என் துறை இல்லை. ஆனாலும் ஒரு பழைய புத்தகம் என்னைத் தூங்க விடவில்லை.

1906-ல் ஏ.ஆர். பிரவுன் என்ற 25 வயது கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவர் இந்தத் தீவுகளுக்கு வந்தார். பிற்பாடு ராட்கிளிஃப்-பிரவுன் என்று மானுடவியலில் பெரும்பெயர் எடுத்தவர் இவர்தான். 1908 வரை நடந்த ஆய்வு 1922-ல் 'அந்தமான் தீவினர்' என்ற நூலாக வந்தது. கோயிலோ வேதமோ இல்லாத கிரேட் அந்தமானியர் குடும்பங்களைப் பற்றித்தான் அதில் பெரும்பகுதி. வட அந்தமானில் பிலிகு என்று ஒரு தெய்வம், வடகிழக்குப் பருவக்காற்றோடு வருபவள். தேன்மெழுகை உருக்கினால் அவளுக்குக் கோபம் வரும். காலையிலும் மாலையிலும் சில்வண்டு பாடும் நேரத்தில் சத்தம் போட்டாலும் புயல்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் கத்தாதே என்று நம் பாட்டிகள் அதட்டுவார்களே, அதுபோல!

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. பிரவுனுக்கு முன்பே, 1880-களில், இ.எச். மேன் என்ற ஆங்கில அதிகாரி எழுதியது. ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை சொந்தப் பெற்றோரிடம் இருப்பது அபூர்வமாம். விருந்துக்கு வந்த நண்பர் கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் நட்புக்கு மரியாதை. அப்புறம் பெற்றவர்கள் அடிக்கடி போய்ப் பார்ப்பார்கள். நாலு நாள் தங்களோடு அழைத்துப் போகலாமா என்று வளர்ப்பவர்களிடம் அனுமதி கேட்பார்கள்.

போன மே மாதம் அம்மா முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். கொடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று. அவன் பாட்டி முகத்தைப் பார்த்தான்.

மேன் இன்னொன்றும் சொல்கிறார். சிசு இறந்தால் குடிசைக்குள்ளேயே புதைப்பார்கள். அந்தத் தாய் மறுபடி கருவுற்றால் வயிற்றிலிருப்பதற்கு இறந்த பிள்ளையின் பெயரையே வைப்பார்கள். அதே பிள்ளைதான் திரும்பி வருகிறது என்று நம்பிக்கை.

1863-ல் வெள்ளைக்காரர்கள் இவர்களை 'நாகரிகப்படுத்த' அந்தமான் இல்லம் தொடங்கினார்கள். 1877-ல் தட்டம்மை வேறு வந்தது. அந்த இல்லங்களில் பிறந்த சுமார் 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று பதிவாகியிருக்கிறது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் கிரேட் அந்தமானியர் 625 பேர். பிரவுன் வந்து இறங்கியது அதற்கும் ஐந்து வருடம் கழித்து. பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியதில் எவ்வளவு கண்ணால் பார்த்தது, எவ்வளவு பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னது என்று ஒவ்வொரு பக்கத்திலும் எனக்குச் சந்தேகம் வந்தது. 1961-ல் எண்ணிக்கை 19.

தினமும் கணக்குப் பார்க்கிறவன் நான். அந்த 150-ஐ மட்டும் தாண்டிப் போக முடியவில்லை. ஒரே பெயரை எத்தனை முறை வைத்துப் பார்த்திருப்பார்களோ.