துவக்கு இல்லாத கதாநாயகன்

இடைவேளையில் பிள்ளைகளின் பேச்சு முழுக்க பப்ஜி, ஃப்ரீ ஃபயர்தான். "சேர், உங்கட காலத்துல என்ன கேம் விளையாடின?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்லப்போய் அது ஒரு வரலாற்றுப் பாடமாகவே நீண்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1989இல் வந்த 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா' பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் பாய்வதையும் படம்பிடித்து, அதைப் பார்த்தே இளவரசனின் அசைவுகளை வரைந்தார். அதே வழியில் 1997இல் வந்ததுதான் 'ஏப்ஸ் ஒடிஸி'. லோர்ன் லானிங், ஷெரி மெக்கென்னா ஆகிய இருவரும் 1994இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்தின் முதல் கேம் அது. பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் விளையாடலாம்.

கதை இதுதான். ஏப் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் அடிமைத் தொழிலாளி. முதலாளிமார் அளவுக்கு மீறி வேட்டையாடியதால் காட்டு மிருகங்கள் அருகிவிட்டன, வியாபாரமும் விழுந்துவிட்டது. அடுத்த தின்பண்டத்தை ஏபின் இனத்தவரின் இறைச்சியிலேயே செய்வதென்று அவர்கள் முடிவெடுக்கிறார்கள். இரவு வேலையில் இருக்கும் ஏப் அதைத் தற்செயலாகக் கேட்டுவிடுகிறான்.

அவனிடம் துவக்கு இல்லை. ஒரு குண்டு பட்டாலே இறந்துவிடுவான். நிழலில் ஒளிந்து, சத்தமில்லாமல் பதுங்கி நடந்து, காவலாளி திரும்பும் நேரம் பார்த்து நகர வேண்டும். சக தொழிலாளிக்கு வணக்கம் சொல்லி, "என் பின்னால் வா", "இங்கேயே நில்" என்று பேசித்தான் அழைத்துப் போக வேண்டும். மொத்தம் 99 பேர். அரைவாசிப் பேரையாவது காப்பாற்றாவிட்டால் கடைசியில் ஏபைக் காப்பாற்றவும் எவரும் வரமாட்டார்கள். பகைவரைக் கொன்ற கணக்கை விட, கூட இருந்தவரை மீட்ட கணக்குத்தான் இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஆனால் குறைகளும் உண்டு. காவலாளியின் மனதுக்குள் புகுந்து அவனைக் கொண்டே மற்றவர்களைச் சுடவைக்கலாம் என்பதால், வன்முறையே இல்லாத கேம் என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய குறை, நினைத்த இடத்தில் சேமிக்க முடியாதது. சிறு பிழை விட்டாலும் பழைய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பின் மீட்டவர்களைத் திரும்பவும் ஒவ்வொருவராக அழைத்துவர வேண்டும். பத்தாவது தடவை செத்த பிறகு, "இவனை விட்டுட்டுப் போவம்" என்று நானே போயிருக்கிறேன். இரக்கத்தைக் கற்பிக்க வந்த கேம், அந்த இடத்தில் என்னை இரக்கமில்லாதவனாக்கியது.

தயாரித்தவர்கள் அதை உணர்ந்தார்கள் போலும். 1998இல் வந்த 'ஏப்ஸ் எக்ஸொடஸ்' கேமில் விரும்பிய இடத்தில் சேமிக்கலாம், பலரை ஒரேயடியாக அழைக்கலாம். மீட்க வேண்டியவர்கள் 300 பேராகக் கூடியும், அவர்களை விட்டுப்போகும் எண்ணம் எனக்குக் குறைந்தது.

ஆசிரியராக இது என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு பிழைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னால், நல்ல பிள்ளையும் பக்கத்தில் இருப்பவனை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பத்தான் பார்க்கும். நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் அப்படி நடக்கிறதா?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் போனைப் பறிக்கும் முன், "இந்த கேம்ல நீ யாரைக் காப்பாத்துற?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கிடைத்த பதிலை இங்கே எழுதுங்கள்.