சிவப்புக் குமிழ்ப் பாசி: லுண்ட் நகரத்தில் பிரிந்த இரண்டு பெயர்கள்

உப்புத்தண்ணீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் 'குமிழ்ப் பாசி' என்று சொல்லிப் பாருங்க, முகமே மாறிடும். "உடைச்சிடாதீங்க, தொட்டி முழுக்கப் பரவிடும்" என்பதுதான் முதல் எச்சரிக்கை. பவளத்தோடு வந்த கல்லில் சிவப்பு முத்துகள் கொத்தாகத் தெரிந்தாலும் அதையேதான் சொல்வாங்க. ஆனால் அந்த எச்சரிக்கை ஒரு பச்சைப் பாசியைப் பார்த்து உண்டானது. சிவப்புக்கும் அது பொருந்துமா? பதில் தேடினால், ஒரு குளிர் தேசத்துக்குப் போகணும். சுவீடனில் இருக்கும் லுண்ட் பல்கலைக்கழகத்தில்தான் இரண்டு பாசிகளுக்கும் பெயர் கிடைத்தது.

முதலில் பச்சை. லுண்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கார்ல் அடோல்ஃப் ஆகார்த், 1823இல் 'வலோனியா' என்ற பேரினத்தை வகுத்தார். பிற்காலத்தில் இவர் பிஷப் ஆகிவிட்டார் என்பது தனிக்கதை. இவருடைய மகன் யாக்கோப் கியோர்க் ஆகார்த்தும் அதே ஊரில் பாசி ஆராய்ச்சியில் இறங்கினார். 1887இல் அவர் பெயரிட்டதுதான் 'வலோனியா வென்ட்ரிகோசா'. இன்றைக்குத் தொட்டிக்காரர்கள் பயப்படுகிற பச்சைக் குமிழ் இந்த வகையறாதான்.

இதில் ஆச்சரியம் என்னன்னா, கோலிக்குண்டு அளவு இருக்கும் அந்தக் குமிழ் முழுக்க ஒரே ஒரு செல். 1920களில் ஆஸ்டர்ஹவுட் என்ற அமெரிக்க விஞ்ஞானி பெர்முடாவில் வலோனியாவை வைத்து ஆராய்ந்ததற்குக் காரணமும் அதுதான். ஒரு செல்லுக்குள்ளேயே நுண்குழாயைச் செருகி, உள்ளிருக்கும் சாற்றைத் தனியாக எடுத்துச் சோதிக்க முடியும். அந்தச் சாற்றில் பொட்டாசியம் கடல்நீரில் இருப்பதைப் போல் ஏறத்தாழ 40 மடங்கு. சோடியமோ கடல்நீரைவிடக் குறைவு. உயிருள்ள செல் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறது என்பதைக் கண்ணுக்கு எதிரே காட்டிய பாசி அது.

ஒரே செல் என்பதால்தான் தொட்டியிலும் அது தொல்லை. காயம் பட்டால் உள்ளே சுவரோடு ஒட்டியிருக்கும் உயிர்ப்பொருள் சுருங்கிப் பல சிறு உருண்டைகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் புதுச் சுவர் கட்டிக்கொண்டு தனிக் குமிழாக வளரக்கூடும். "உடைக்காதே" என்ற பேச்சுக்கு இங்கே நியாயம் இருக்கு.

இப்போ சிவப்பு. மத்தியதரைக் கடலில் திராட்சைக் கொத்து மாதிரி வளரும் சிவப்புப் பாசியை 18ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்களே அறிந்திருந்தார்கள். மகன் ஆகார்த் அதை 'கிரிசிமேனியா' என்ற பேரினத்தில் வைத்தார். 1931இல் அதே லுண்டில் ஹரால்ட் கிலின் அதைத் தனியே பிரித்து 'பாட்ரியோகிளாடியா' என்ற தனிப் பேரினமாக்கினார். கிரேக்கத்தில் 'பாட்ரிஸ்' திராட்சைக் குலை, 'கிளாடோஸ்' கிளை. கிலின் வெளித்தோற்றத்தை மட்டும் நம்புகிறவர் இல்லை. பாசியை மெல்லிய சீவலாக வெட்டி, கருவுற்ற பிறகு உள்ளே என்னென்ன உருவாகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சிவப்புப் பாசிகளை வகைப்படுத்தினார்.

அப்படி உள்ளே பார்த்தால் கதையே வேறு. சிவப்புக் குமிழின் சுவரில் பல அடுக்குச் செல்கள் இருக்கின்றன. நடுவில் நிறமற்ற வழவழப்பான கூழ். அதாவது, அது ஒரு செல் இல்லை. பல செல்கள் சேர்ந்து கட்டிய பை. பச்சையும் சிவப்பும் நெருங்கிய உறவுகூட இல்லை. குமிழ் வடிவம் மட்டும்தான் பொது.

வீட்டில் கண்டுபிடிக்கவும் இதே வழிதான். ஒரு குமிழை மட்டும் கிள்ளி எடுத்து, தொட்டிக்கு வெளியே கிண்ணத்தில் வைத்து வெட்டிப் பாருங்க. தண்ணீராகக் கொட்டினால் வலோனியா பக்கம். வழுவழுன்னு கூழ் வந்தால், குமிழுக்குச் சின்னக் காம்பும் இருந்தால், பாட்ரியோகிளாடியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மாலை கோத்த மாதிரி இருந்தால் அது 'சீலார்த்ரம்' என்ற இன்னொரு சிவப்புப் பாசியாக இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பாதீங்க. பச்சைக் குமிழ்மேல் சுண்ணாம்புப் பாசி படிந்தால் அதுவும் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

சிவப்புதான் என்று உறுதியானால் கல்லையே தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு குமிழ் உடைந்தாலும் வலோனியாவில் நடப்பது இங்கே நடக்காது. ஆனால் அலட்சியமும் கூடாது. இது வித்துகளால் பரவும். அடிப்பகுதி கல்லில் ஒட்டியிருந்தால் மறுபடி துளிர்க்கும். கல்லை வெளியே எடுத்து, பாசியை அடியோடு பெயர்த்து, அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது நல்லது. தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் மிகுந்திருந்தால் எந்தப் பாசியும் திரும்பி வரும். தீவனத்தைக் குறைப்பதும் தண்ணீர் மாற்றுவதும்தான் நிரந்தர வைத்தியம். எமரால்டு நண்டு வலோனியாவைத் தின்னும் என்று பெயர் வாங்கியது. சிவப்பைத் தொடுமா என்பது நண்டுக்கு நண்டு மாறும். அழகுக்காகவே சிவப்புக் குமிழை விலை கொடுத்து வாங்கித் தனித் தொட்டியில் வளர்க்கிறவங்களும் உண்டு.

ஒன்றே ஒன்று எல்லாப் பாசிக்கும் பொது: பிடுங்கியதைக் கடலிலோ கால்வாயிலோ போடக்கூடாது. 1984இல் மொனாக்கோ கடலடியில் 'காலர்பா' என்ற தொட்டிப் பாசி சுமார் ஒரு சதுர மீட்டர் திட்டாகக் கண்டுபிடிக்கப்பட்டது; பின்பு ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. 2000இல் அதே பாசி கலிபோர்னியக் காயல் ஒன்றில் தலைகாட்டியபோது, தார்ப்பாயால் மூடி உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். முடிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். பிடுங்கிய பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுவதற்கு நமக்கு ஒரு பைசா செலவில்லை.