கோறணமேந்தும் கோழியும்: யாழ்ப்பாணத்தார் வேலை தேடிய கதை

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்" என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரது காதிலும் சிறுவயதிலேயே விழுந்துவிடும் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது எம்மவர் கொண்டிருந்த மோகத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. இதனைக் கேலியாகச் சொல்பவர்களும் தம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கேலி செய்வதில்லை என்பது வேறு விடயம்.

பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்கள் என்னைச் சந்திக்கும்போது அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பட்டம் கிடைத்த பின்னர் வேலையை எங்கிருந்து தேடத் தொடங்குவது?" இக்கேள்வியில் "பின்னர்" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. படிப்பு முடிந்த பின்னரே வேலை தேடுவது என்ற வழக்கம் எமது மண்ணில் ஆதியிலிருந்து இருந்ததன்று. வேலை கிடைத்தவர்களின் வரலாற்றைப் புரட்டினால், சான்றிதழ் கைக்கு வருமுன்பே ஒரு மனிதரையும் ஒரு தொழிலிடத்தையும் அறிந்து வைத்திருந்தவர்களே பெரும்பாலும் அதிற் காணப்படுகின்றனர்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்லூரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். பற்றிக்கோட்டா செமினரி என்று வழங்கிய அக்கல்லூரியில் வானசாஸ்திரமும் கணிதமும் தருக்கமும் ஆங்கிலமும் தமிழும் கற்பிக்கப்பட்டன. வேதம் பரப்பும் சுதேச ஊழியர்களை உருவாக்குவதே நிறுவியவர்களின் நோக்கம். மாணவர்களின் நோக்கமோ வேறு. ஆங்கிலம் கற்றவனுக்குக் கச்சேரியிலும் கோப்பித் தோட்டத்திலும் வர்த்தகக் கந்தோரிலும் கதவு திறந்திருந்தது. (கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுச் சென்றது, அவர்கள் போன பின்னும் அச்சொல்லையும் அதற்குள் இருக்கும் நாற்காலியையும் நாம் விடவில்லை.) படித்தவர்கள் பிரசங்கத்துக்குப் போகாமல் சம்பளத்துக்குப் போவதைக் கண்டு தலைமைப் பீடம் சலிப்படைந்தது. அமெரிக்காவிலிருந்து றூபஸ் அண்டர்சன் தலைமையில் தூதுக்குழு வந்து ஆராய்ந்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. அதன் வழித்தோன்றலாக யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது 1872இல்தான். மாணவர்கள் வேலை தேடினார்கள் என்பதற்காக ஒரு கல்லூரியையே மூடிய வரலாறு எமக்கு உண்டு என்பதை இன்றைய தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகளில் எவரும் சொல்லக் கேட்டதில்லை.

அச்செமினரியிற் படித்தவர்களுள் ஒருவர் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவராகவே அவரை நாம் அறிவோம். அவர் வேலை தேடிய விதம் அதிகம் பேசப்படுவதில்லை. முதலில் கோப்பாயில் ஆசிரியராக இருந்தார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பார்சிவல் பாதிரியார் சென்னை சென்று "தினவர்த்தமானி" என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது, அதனை நடத்த ஆள் தேவைப்பட்டது. பாதிரியார் தாமோதரம்பிள்ளையை அழைத்தார். பத்திரிகைப் பணியோடு ஐரோப்பியருக்குத் தமிழும் கற்பித்தார். அதன் தொடர்ச்சியாக மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பணி கிடைத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பீ. ஏ. தேர்வில் அவரும் அவரது ஆசிரியரான கறல் விசுவநாதபிள்ளையும் தேறினர். அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார் என்று மார்தட்டுகிறோம்; தட்டலாம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆசிரியப் பணி, பின்னர் பத்திரிகை, அதன் பின்னரே பட்டம். அவரை அறிந்த ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் கையில் காட்டத்தக்க வேலையும் இருந்தது. பிற்காலத்தில் கணக்குத் துறையில் உயர்ந்து, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அமர்ந்தார். கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவரும் இவரே.

இதே காலத்தில் மானிப்பாயில் வேறொரு முயற்சி நடந்தது. அமெரிக்க வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். அவரது மாணவர்கள் நோயாளிகளைத் தொட்டு, மருந்து கலந்து, சத்திரசிகிச்சைக்குத் துணைநின்று கற்றார்கள். இன்று உள்ளகப் பயிற்சி என்று நாம் பெயர் சூட்டியிருப்பது அங்கே படிப்பின் உடலாகவே இருந்தது. ஆங்கிலத்தில் கற்றுத் தேறியவர்கள் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரைவிட்டுப் போவதைக் கிறீன் கண்டார். ஊரில் இருந்து ஊர்மக்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் தேவை என்று கருதி, 1864 முதல் தமிழிலேயே மேலைவைத்தியத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அதற்கான நூல்களை மொழிபெயர்த்தவர்களுள் அவரிடம் முன்னர் பயின்ற மாணவர்களும் இருந்தனர். 1875இல் வெளிவந்த "கெமிஸ்தம்" அவ்வரிசையில் ஒன்று. அவரிடம் பயின்ற 60க்கு மேற்பட்ட வைத்தியர்களுள் 33 பேர் தமிழில் கற்றவர்கள். கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அவருக்குப் பின் அம்முறை நீடிக்கவில்லை. எமது கல்வி வரலாற்றில் நாம் இழந்தவற்றுள் இதனையே நான் பெரிதென்பேன்.

அதற்குப் பின் வந்தது கிளாக்கர் யுகம். மலாயாவில் ஆங்கிலேயர் புகையிரதப் பாதை அமைத்தனர். தைப்பிங்கிலிருந்து துறைமுகத்துக்கு முதலாவது பாதை 1885இல் திறக்கப்பட்டது. கணக்கெழுதவும் நிலைய அதிபராகவும் நில அளவைக்குத் துணையாகவும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தனர். தென்னையும் பனையும் புகையிலையும் தவிர வேறு வருமானம் குறைந்த குடாநாட்டிலிருந்து இளைஞர்கள் கப்பலேறினர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் யாழ்ப்பாணக் குடும்பங்கள் பெருகின. ஈப்போவில் 1898இல் பிறந்து தெல்லிப்பளையில் படித்த ஒரு பையன்தான் பிற்காலத்தில் தந்தை செல்வா என்று அறியப்பட்ட சா. ஜே. வே. செல்வநாயகம். ஊருக்குத் திரும்பியவர்களை "மலாயன் பென்சனியர்" என்றனர். அவர்கள் கட்டிய கல்வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. வெளியூரிலிருந்து மாதந்தோறும் வந்த பணத்தில் ஊர் நடந்ததால் எமது பொருளாதாரத்துக்கு "மணியோடர் பொருளாதாரம்" என்ற பெயரும் வந்தது.

அவர்கள் விண்ணப்பம் அனுப்பிவிட்டு வீட்டுத் திண்ணையில் காத்திருக்கவில்லை. முன்னே போன மாமனோ ஒன்றுவிட்ட அண்ணனோ அங்கே இருந்தார். அவர் தங்க இடம் கொடுத்தார், சோறு போட்டார், மாலையில் கந்தோர்க் கடிதம் எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்தார், சமயம் பார்த்துத் துரையிடம் ஒரு வார்த்தை சொன்னார். 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதப் பாதை இணைந்த பின்னர் கொழும்பிலும் இதே கதைதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளைஞர் பலர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில், புதிதாக வந்தவனுக்கும் ஒரு பாய் விரிக்க இடமிருந்தது. இம்முறையில் நியாயம் இருந்ததென்று நான் வாதாடமாட்டேன். மாமன் இல்லாதவனுக்கும், ஆங்கிலப் பாடசாலைக் கட்டணம் கட்ட வழியற்றவனுக்கும், சாதியின் பெயரால் பாடசாலை வாசலிலேயே நிறுத்தப்பட்டவனுக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. பெண்களுக்கும் ஆசிரியத் தொழிலுக்கு அப்பால் வழிகள் மிகக் குறைவு.

என் மாணவப் பருவத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில், வெள்ளிக்கிழமை வெளியாகும் அரசாங்க வர்த்தமானியை வாசிக்க யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இளைஞர்கள் முண்டியடிப்பார்கள். ஆனால் கதவு அதற்கு முன்பே ஒடுங்கத் தொடங்கிவிட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. (கொழும்புக்கு யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான், ஏறிப்போக வண்டி வந்தது, போய்ச் சேர்ந்த இடத்தில் நாற்காலி குறைந்தது.) பின்னர் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 புள்ளியும் வேண்டியிருந்தன. படிப்பும் உத்தியோகமும் ஒருசேர நழுவியபோது ஒரு தலைமுறை எங்கே போயிற்று என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. நான் உத்தியோகம் கிடைக்காத கூட்டத்தில் ஒருவன். பத்திரிகைக் கந்தோரில் ஒப்புநோக்காளருக்கு அருகே இருந்து கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்கும் பையனாகத் தொழிலுக்குள் நுழைந்தேன். அந்த ஆறு மாதத்தில் கற்ற தமிழை அதற்கு முந்திய ஆறு வருடத்திலும் கற்றதில்லை.

1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. யுத்தத்தினூடாகவும் அது பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டே இருந்தது. ஆனால் பயிற்சி பெறக்கூடிய தொழிலிடங்கள் அழிந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 உடன் நின்றது. எஞ்சியது மீண்டும் கோறணமேந்து ஒன்றே. 2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை அரசாங்கம் பயிலுநர்களாகச் சேர்த்தது; பலருக்கு என்ன வேலை கொடுப்பதென்று கந்தோர்களுக்கே தெரியவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அந்த வாசலும் இறுகியது. தெருவில் அமர்ந்தவர்களை நான் குறை சொல்லேன். பட்டம் பெற்றால் உத்தியோகம் என்று அவர்களுக்குச் சொல்லி வளர்த்தது நாம்.

ஆகவே மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே ஒரு தொழிலிடத்தின் வாசலில் போய் நில்லுங்கள். கணக்கியல் படிப்பவர் கணக்காய்வாளரின் அலுவலகத்துக்கும், கணினி படிப்பவர் யாழ்ப்பாணத்தில் இப்போது இயங்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும், தமிழ் படிப்பவர் அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் போகலாம். விளம்பரம் வரும்வரை காத்திராதீர்கள். சிறிய நிறுவனங்கள் விளம்பரம் செய்வதேயில்லை. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். "தாங்கள் தரும் எந்த வேலையும்" என்று எழுதாமல், இன்ன வேலையை இத்தனை வாரம் செய்ய வருகிறேன் என்று எழுதுங்கள். செய்த வேலையின் மாதிரியைச் சேர்த்து வையுங்கள். பல்கலைக்கழகத் தொழில் வழிகாட்டல் அலகை இறுதியாண்டில் அல்ல, முதலாண்டில் தட்டுங்கள். தொழில்நுட்பம் பயில்வோருக்குத் தேசிய தொழிற்பயிலுநர் அதிகாரசபை இடம் ஒழுங்கு செய்கிறது. வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லி முற்பணம் கேட்பவரின் உரிமப்பத்திரம் செல்லுபடியாகுமா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் ஒரு சதமும் கொடாதீர்கள்.

இவையெல்லாம் செய்தாலும் ஒரு தடை எஞ்சும். நல்ல பயிற்சி இடங்கள் இன்னமும் கொழும்பில்தான் அதிகம். பயிலுநருக்குக் கொடுக்கும் படி, சில இடங்களில் அதுவும் இல்லை, வெள்ளவத்தையில் ஓர் அறையின் வாடகைக்கே போதாது. வன்னியிலிருந்து வரும் கமக்காரன் மகளுக்கு ஆறு மாதம் அங்கே தங்க யார் இருக்கிறார்கள்? அன்று மாமன் செய்ததை இன்று செய்யக்கூடியவை எமது பழைய மாணவர் சங்கங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் அவை இருக்கின்றன. ஆண்டுதோறும் இரவு விருந்து வைத்துப் பணம் சேர்த்து ஊர்ப் பாடசாலைக்கு மண்டபமும் மதிலும் கட்டிக்கொடுக்கின்றன. தம் உறுப்பினர் யார் எந்த நிறுவனத்தில் எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்ற பட்டியலொன்றைத் தயாரித்து மாணவர் கையில் கொடுக்க ஒரு சதமும் செலவில்லை. கொழும்புக் கிளைகள் இரண்டு மூன்று சேர்ந்தால், பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தங்க வெள்ளவத்தையில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கலாம். ஒரு மதிலுக்கு ஆகும் செலவில் அந்த வீட்டை எத்தனை மாதம் வைத்திருக்க முடியும் என்பதைச் சங்கங்களின் பொருளாளர்களே கணக்குப் பார்க்கட்டும்.